பேட்டரி பார்த்த மாப்பிள்ளை

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற எவனையும் கம்ப்யூட்டர் டாக்டர் என்று நம்பிவிடுவது நம் மக்களின் வழக்கம். பஸ்ஸில் தினமும் போய்வருகிறவனை யாரும் இன்ஜினைப் பிரித்துப் பார்க்கச் சொல்வதில்லை. கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் அந்த நியாயம் செல்லாது. நான் சேலத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எத்தனை லோடு மரவள்ளிக் கிழங்கு உள்ளே வந்தது, எத்தனை மூட்டை ஜவ்வரிசி வெளியே போனது என்று கட்டம் கட்டமாகத் தட்டுவதுதான் என் தொழில். கம்ப்யூட்டர் நின்றுபோனால் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவது. அதற்கும் மசியவில்லை என்றால் டீ குடிக்கப் போய்விடுவேன்.

கல்யாணத் தரகர் பெண் வீட்டில் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. "பையன் கம்ப்யூட்டர்ல இருக்கறாருங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். (அதில் பொய் ஒன்றும் இல்லை. நாளெல்லாம் அதில்தான் இருக்கிறேன்.) பெண் வீடு ஏற்காட்டு மலையில், கொட்டச்சேட்டில். மாமனார் காப்பி எஸ்டேட் ஒன்றில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் சர்ச் மாதர் சங்கத்தில் முக்கியப் புள்ளி. அவர்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ஸ்டெல்லா, என் மனைவி. இளையவள் ஜெனி, நர்சிங் படித்தவள்.

கல்யாணம் முடிந்து முதல்முறையாக நாலு நாள் தங்குவதற்கு மலை ஏறினோம். நல்ல மழைக்காலம். புது மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் நடந்த உபசாரத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. நான் தும்மினால் மூன்று பேர் எழுந்து நின்றார்கள். குழம்பில் உப்பு குறைவோ என்று நான் யோசனையாகச் சொன்னதும் எல்லோருடைய நாக்கிலும் உப்பு குறைந்துவிட்டது. எழுதி வைக்காத சட்டம் ஒன்று அங்கே இருந்தது: மாப்பிள்ளை சொன்னதை இல்லை என்று சொல்லக் கூடாது. போன அன்றே வீட்டுக்குப் பின்னால் இருந்த மரத்தைக் காட்டி, "சாத்துக்குடி நல்லா காய்ச்சிருக்குங்களே மாமா" என்றேன். தன் கையாலேயே அந்தக் கமலா ஆரஞ்சுக் கன்றை நட்டு வளர்த்த மனிதர், ஒரு வினாடி மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஆமாங்க மாப்பிள்ள" என்றார். நாங்கள் திரும்பிப் போகும்வரை அந்த மரம் சாத்துக்குடியாகவே இருந்தது.

இப்படிப்பட்ட வீட்டில், இரண்டாம் நாள் காலை இட்லியோடு அந்தப் பேச்சு வந்தது.

ஜெனி படிப்பை முடித்து ஒன்றரை வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். கூடப் படித்தவர்கள் எல்லோரும் எங்கெங்கோ சேர்ந்துவிட்டார்கள். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவளை வீடியோ நேர்காணலுக்கு அழைத்திருந்தது. தங்குமிடம் உண்டு, வேலை பார்த்தபடியே மேலே படிக்கவும் வழி உண்டு. மறுநாள் பதினோரு மணிக்கு நேர்காணல். முதலில் கொஞ்ச நேரம் கேள்வித்தாள், அதைக் கம்ப்யூட்டரில்தான் எழுத முடியும், செல்போனில் திறக்காது. அப்புறம் ஆட்களோடு பேச்சு, அதுவும் அதே கம்ப்யூட்டரில்தான்.

"இத விட்டா அடுத்த வருசந்தாங்க மாமா ஆள் எடுப்பாங்க" என்றாள் ஜெனி. இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தாளே ஒழியச் சாப்பிடவில்லை.

வீட்டில் லேப்டாப் ஒன்று இருந்தது. ஸ்டெல்லா பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. பத்து வருடம் இரண்டு பெண்களையும் படிக்க வைத்துவிட்டு இப்போது தள்ளாமையில் இருந்தது. கரண்ட் இருந்தால் ஓடும். கரண்ட் போனால் பேட்டரி எத்தனை நேரம் தாங்கும் என்பது யாருக்கும் தெரியாது. மலையில் மழைக்காலத்துக் கரண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கேயாவது ஒரு சில்வர் ஓக் கிளை கம்பி மேல் சாய்ந்தால் போதும், நாலு ஊர் இருட்டாகிவிடும். அதனால் ஜெனி ஏற்கெனவே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். ஏற்காடு டவுனில் அவள் தோழி வீட்டில் இன்வெர்ட்டரும் நல்ல கம்ப்யூட்டரும் இருந்தன. காலை பஸ்ஸில் போய் அங்கேயே எழுதிவிடுவதாகத் திட்டம்.

நல்ல திட்டம். அதைக் கெடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

"ஏனுங்க மாப்பிள்ள, அந்த லேப்டாப்ப நீங்க ஒருக்கா பாத்தீங்கன்னா, புள்ள மழையில அலைய வேண்டியதில்லீங்க" என்றார் மாமனார். உபசாரத்துக்குச் சொன்னதுதான். டாக்டர் உறவினர் வீட்டுக்கு வந்தால் நாடி பிடிக்கக் கையை நீட்டுவோமே, அந்த மாதிரி. நான் நாகரிகமாக, எனக்கு இதெல்லாம் தெரியாது என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். எதிரே ஸ்டெல்லா என்னைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி மூன்றாவது வாரம். அந்தப் பார்வைக்கு முன்னால் தெரியாது என்ற சொல் எந்த ஆண்பிள்ளை வாயிலிருந்து வரும்?

"எடுத்துட்டு வாங்க, பாத்துரலாம்" என்றேன்.

லேப்டாப் பீரோவுக்குள்ளிருந்து வந்தது. தொட்டால் வெதுவெதுவென்று இருந்தது. மலையில் மழைக்காலத்தில் துணிமணி பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுவார்கள். இவர்கள் லேப்டாப்பையும் பட்டுப்புடவையாகப் பாவித்து, பத்து வருடமும் பல்புக்குப் பக்கத்திலேயே வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். பேட்டரிக்குச் சூடு ஆகாது என்பது எனக்குக்கூடத் தெரியும்.

"இந்தச் சூடுதாங்க பேட்டரியக் கொல்லுது" என்றேன். அந்த நாலு நாளில் நான் சரியாகச் சொன்னது அது ஒன்றைத்தான்.

பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு செல்போனில் படித்தேன். (வீட்டிலேயே ஓரளவு சிக்னல் கிடைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று முன்னறை ஜன்னல், இன்னொன்று இது.) பழைய லேப்டாப் பேட்டரியைச் சோதிப்பது எப்படி என்று உலகத்தில் ஆயிரம் பேர் எழுதி வைத்திருந்தார்கள். நான் ஏழெட்டுப் பேரைப் படித்தேன். மாமியார், அதாவது அத்தை, வெளியிலிருந்து, "மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லையாட்ட இருக்குது, ஓம வாட்டர் இருக்குதான்னு பாரு சாமி" என்று ஸ்டெல்லாவிடம் சொல்வது கேட்டது. அறிவோடு வெளியே வந்தேன்.

முதல் சோதனை, பேட்டரி வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. அந்தக் காலத்து லேப்டாப், பேட்டரியைத் தனியாகக் கழற்றலாம். கழற்றிச் சமமான தரையில் வைத்துச் சுற்றிவிட வேண்டும். வயிறு வீங்கியிருந்தால் பம்பரமாகச் சுற்றும், நலமாக இருந்தால் நின்றுவிடும். நடு வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேட்டரியைச் சுற்றினேன். சுற்றாமல் நின்றது. "வீக்கம் இல்லீங்க" என்று அறிவித்தேன். மாமனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "தேவலீங்களே" என்றார். அத்தை, "ஸ்தோத்திரம்" என்றார்.

அடுத்தது, பேட்டரி இல்லாமல் பவர் பொத்தானை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிப்பது. உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடுமாம். அழுத்திப் பிடித்தபடி நான் கண்ணை மூடிக்கொண்டேன். எதற்கு மூடினேன் என்று எனக்கே தெரியவில்லை. அத்தையும் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் ஜெனியின் அழிப்பானை வாங்கிப் பேட்டரியின் செப்புத் தகடுகளைத் தேய்த்தேன். அதன் பிறகு பேட்டரியை மாட்டி, ஒரு கட்டளையைத் தட்டினேன். பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்ளும் என்று லேப்டாப்பே ஓர் அறிக்கை கொடுக்கும். கொடுத்தது. பழைய கொள்ளளவில் ஆறில் ஒரு பங்குகூட இப்போது இல்லை என்று அது தெளிவாகச் சொன்னது.

ஜவ்வரிசி ஆலையில் கணக்குப் பார்ப்பவனுக்கு ஆறில் ஒரு பங்கு என்றால் என்னவென்று தெரியாதா? தெரியும். ஆனால் செல்போனில் நான் படித்த அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவர் எழுதியிருந்தார்: பழைய பேட்டரிகள் தங்கள் பலத்தையே மறந்திருக்கும். முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கிவிட்டால் ஞாபகம் வந்துவிடும். இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மறதி உள்ள பேட்டரி. அதற்கு நினைவூட்ட வந்த மாப்பிள்ளை.

மத்தியானத்துக்குள் முழுக்க ஏறிவிட்டது. ஜெனி சான்றிதழ்களை நகல் எடுக்க டவுனுக்குப் போயிருந்தாள். நான் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, லேப்டாப்பில் ஒரு படத்தை ஓடவிட்டேன். "தானா அணையற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுங்க. எத்தன நேரம் ஓடுதுன்னு பாத்து வையுங்க" என்று அத்தையைக் காவலுக்கு வைத்தேன். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தேன். மாப்பிள்ளை விருந்து. ஆட்டுக்கறிக் குழம்பு, கோழி வறுவல், அதற்கு மேல் முட்டை. ஓடும் பேட்டரியைக் கண்காணிக்க வேண்டியவன், மழைச் சத்தத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது மூன்றரை மணி இருக்கும். கூடத்தில் மாமனார், மாமியார், ஸ்டெல்லா மூன்று பேரும் லேப்டாப்பைச் சுற்றிப் போட்டோவுக்கு நிற்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். படம் ஓடிக்கொண்டிருந்தது. சார்ஜர் தனியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. திரையின் மூலையில் எண்பத்திரண்டு சதவீதம்.

"நிக்கவே இல்லீங்களா?" என்று கேட்டேன்.

மாமனார் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். "ஓடிட்டுத்தாங்க இருக்குது" என்றார்.

இரண்டு மணி நேரத்தில் பதினெட்டு சதவீதம்தான் குறைந்திருக்கிறது. மனசுக்குள் கணக்குப் போட்டேன். பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். கடையிலிருந்து இன்று வாங்கி வந்த லேப்டாப்கூட அவ்வளவு தாங்குவது அபூர்வம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அறிக்கை சொன்ன ஆறில் ஒரு பங்கையும் மறந்தேன். பேட்டரிக்கு ஞாபகம் வந்துவிட்டது, எனக்குப் போய்விட்டது.

சாயங்காலம் ஜெனி நனைந்துகொண்டு வந்தாள். வாசலிலேயே அறிவித்தேன். "சரி பண்ணியாச்சு. பத்து மணி நேரம் நிக்கும். நீ எங்கயும் போக வேண்டாம். உன் ஃப்ரெண்டுக்குப் போன் பண்ணி வரலன்னு சொல்லிரு."

"நிஜமாங்களா மாமா?" என்றாள். அவள் தன் அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அப்பா மேலே கூரையைப் பார்த்தார். அம்மா அடுப்படிக்குப் போனார். அக்கா புடவைத் தலைப்பை முறுக்கினாள். இல்லை என்று யாரும் சொல்லவில்லை. தோழிக்குப் போன் போயிற்று.

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தால் மூடுபனி வீட்டுக்குள் வந்து உட்காரும்போல் இருந்தது. முன்னறை ஜன்னல் ஓரம் மேசை போட்டு, சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றி, ஜெனியை உட்கார வைத்தோம். செல்போனிலிருந்து இன்டர்நெட். லேப்டாப்புக்குச் சார்ஜர் மாட்டியிருந்தது. நான் பக்கத்தில், கேமராவில் படாதபடி ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன். தொழில்நுட்பப் பிரிவு.

கேள்வித்தாள் நல்லபடியாக முடிந்தது. திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, நர்சுகளுக்கெல்லாம் தலைமை. ஜெனி வணக்கம் சொன்னாள், படிப்பைப் பற்றிச் சொன்னாள், பேச்சு சூடு பிடித்தது. அப்போது சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஒரு உதறு உதறிவிட்டு நின்றது. கரண்ட் போய்விட்டது.

ஜெனி பேச்சை நிறுத்தாமல் கடைக்கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் புன்னகையோடு கையைக் காட்டி, நீ பேசு என்றேன். கதவோரம் நின்ற மாமனாருக்கும் அதே கையைக் காட்டினேன். அவர் முகம் ஏன் அப்படி வெளுத்தது என்று அப்போது புரியவில்லை. நூறு சதவீதம் என்றது திரை. கொஞ்ச நேரத்தில் தொண்ணூறு. அப்புறம் எழுபது. நான் குனிந்து பார்ப்பதற்குள் நாற்பத்தாறு. "மருந்து மாத்திக் கொடுக்கறதத் தடுக்க என்ன செய்வீங்க" என்று அந்த அம்மா கேட்க, "மொதல்ல பேஷன்டோட பேரக் கேட்டு..." என்று ஜெனி ஆரம்பிக்க, லேப்டாப் அணைந்தது. கருப்புத் திரையில் என் முகம் தெரிந்தது.

நான் பவர் பொத்தானை அழுத்தினேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். மறுபடி அழுத்தினேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியமும் தீர்ந்துபோயிற்று. "பத்து மணி நேரம் நிக்கணுமே, எப்படி, எப்படி" என்று புலம்பினேன்.

மாமனார் மெல்ல முன்னால் வந்தார். "மாப்பிள்ள, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே."

"சொல்லுங்க மாமா."

"நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க."

"சீக்கிரம் சொல்லுங்க மாமா."

"நேத்து நீங்க படுத்த கொஞ்ச நேரத்துலயே அது அணஞ்சு போச்சுங்க."

கதை பிறகு துண்டு துண்டாக வந்தது. நான் தூங்கப் போனதும் அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் லேப்டாப் அணைந்திருக்கிறது. அத்தை தான் முந்தானையால் தூசி தட்டியதால்தான் அணைந்தது என்று பயந்துபோனார். அவ்வளவு பாடுபட்ட மாப்பிள்ளை தூங்கி எழுந்ததும் இதைச் சொல்வதா என்று மாமனாருக்கு மனசு வரவில்லை. அவர் சார்ஜரை மாட்டினார். ஸ்டெல்லா லேப்டாப்பைப் போட்டுப் படத்தை ஓடவிட்டாள். நான் இருமிக்கொண்டு எழுகிற சத்தம் கேட்டதும் சார்ஜரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டார்கள்.

"நீயுமா?" என்று ஸ்டெல்லாவைப் பார்த்தேன்.

"எந்திரிச்ச உடனே உங்க மூஞ்சி வாடிப் போகக் கூடாதுன்னுதாங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். என் முகம் வாடாமல் இருக்க, ஒரு குடும்பமே சேர்ந்து ஒரு பெண்ணின் வேலையைப் பணயம் வைத்திருக்கிறது.

"ஏன் மாமா, நான் ஜெனியைப் போக வேண்டாம்னு சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"கம்ப்யூட்டர்க்காரருங்களே நீங்க" என்றார் மாமனார். "நாங்க சொல்லாட்டியும் அந்தப் பொட்டியே உங்களுக்குச் சொல்லிப்போடும்னு நெனச்சுட்டங்க."

இதற்குள் ஜெனியின் செல்போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. அரை மணி நேரத்துக்குள் திரும்ப வந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். டவுனுக்குப் போகப் பஸ் இல்லை. அத்தை ஜெபிக்க ஆரம்பித்தார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். ஜெனி இரண்டையும் காது கொடுத்துக் கேட்கவில்லை. லேப்டாப்பையும் சார்ஜரையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டாள். கட்டிலில் எனக்கென்று புதிதாக வாங்கி விரித்திருந்த மயில் படம் போட்ட பெட்ஷீட்டை உருவி, அதன் மேல் சுற்றினாள்.

"ஜமால் பாய் கடையில இன்வெர்ட்டர் இருக்குது. வாங்க" என்றாள்.

ஜமால் பாய் பஸ் ஸ்டாப்பில் மளிகைக் கடை வைத்திருப்பவர். ஐஸ்க்ரீம் பெட்டி உருகாமல் இருக்க இன்வெர்ட்டர் போட்டிருந்தார். மழையில் மூன்று குடையோடு நாங்கள் ஓடி வந்ததைப் பார்த்து யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், "இதுக்கென்ன கண்ணு, உள்ள வா" என்று ஐஸ்க்ரீம் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். வெல்ல மூட்டை மேல் ஒரு அட்டையைப் போட்டு ஜெனி உட்கார்ந்தாள். லேப்டாப் ஐஸ்க்ரீம் பெட்டியின் மேல். உயிர் வந்தது.

எனக்கும் உயிர் வந்தது. "ஜெனி, திரை வெளிச்சத்தக் குறைச்சுக்கோ. சார்ஜர் பின் லூசா இருக்குதான்னு பாரு. இன்வெர்ட்டர்ல ஓடறப்ப என்னன்னா..." என்று ஆரம்பித்தேன். (ஆம். அதற்குப் பிறகும்.)

ஜெனி திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கின. "மாமா, பின்னால கடை தெரியுது. இதக் கொஞ்சம் புடிச்சுக்கோங்க" என்று பெட்ஷீட்டை என் கையில் கொடுத்தாள். "ரெண்டு கையையும் நல்லா மேல தூக்கிப் புடிக்கணுங்க. அசையக் கூடாது. பேசுனா துணி ஆடும்."

பொறுப்பான வேலை. துணிக்குப் பின்னால் நின்று, இரண்டு முனைகளையும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தேன். மூச்சைக்கூட அளந்து விட்டேன். நேரத்துக்குள் அந்த மூன்று பேரும் திரும்ப வந்தார்கள். விட்ட இடத்திலிருந்து, பேஷன்டின் பெயரைக் கேட்பதிலிருந்து, ஜெனி நிதானமாகத் தொடர்ந்தாள். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு அம்மா வந்து, "ஏனுங்க பாய், அரைக் கிலோ சக்கரை" என்று கேட்டார். பாய் உதட்டில் விரலை வைத்து, சர்க்கரையை அள்ளிக் காகிதத்தில் கொட்டும் சத்தம்கூடக் கேட்காமல் பொட்டலம் கட்டினார். அந்த அம்மா போகாமல் நின்று என்னைப் பார்த்தார். மயில் முன்னால், ஈர வேட்டி பின்னால். கை இரண்டும் கடுத்தன. இந்தக் குடும்பத்துக்கு என்னால் ஏதோ ஆகிறது என்ற நினைப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியாகக் கண்ணாடி போட்ட அம்மா கேட்டார். "வார்டுல பேஷன்டோட சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கார்னு வச்சுக்குங்க. எல்லாம் தனக்குத் தெரியும்ங்கிற ஆளு. டிரிப்ஸத் தொடறாரு, மெஷினத் திருகறாரு, உங்களுக்கே சொல்லித் தர்றாரு. என்ன செய்வீங்க?"

கொஞ்சம்கூட யோசிக்கவில்லை ஜெனி. அதுவரை எந்தக் கேள்விக்கும் அவள் குரலில் அத்தனை உறுதி இல்லை.

"அவங்களோட சண்டைக்குப் போகக் கூடாதுங்க மேடம். அவங்களும் கெட்டவங்க இல்ல, உதவி செய்யணும்ங்கிற ஆசையிலதான் பண்றாங்க. ஆனா அவங்க சொல்றதுக்கெல்லாம் ஆமாம்னும் சொல்லக் கூடாதுங்க. ஆமாம்னு சொன்னா பேஷன்டுக்கு ஆபத்து. அவங்க கையில ஒரு வேலையக் குடுத்துரணுங்க. ரெண்டு கையும் வேணும்கிற மாதிரி ஒரு வேலை. இதக் கொஞ்சம் புடிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு, நாம நம்ம வேலையப் பாக்கணும்."

துணிக்குப் பின்னால் நான் இதை ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். நல்ல பதில் என்று முதலில் மெச்சிக்கொண்டேன். பிறகு மேலே தூக்கியிருந்த என் கைகளைப் பார்த்தேன். இரண்டு கை. அசையக் கூடாது. பேசினால் துணி ஆடும். விஷயம் மெல்ல மண்டைக்குள் இறங்கியது, இறங்க இறங்கக் கைகளும் இறங்கின. மயில் சரிந்தது. கோயம்புத்தூரில் இருந்த மூன்று பேருக்கும் ஷாம்புச் சரங்களும், கவுண்டர் மேல் சர்க்கரைப் பொட்டலமும், நடுவில் வாயைத் திறந்துகொண்டு நானும் தெரிந்தோம்.

திரையில் இருந்த அம்மா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு என்னைப் பார்த்தார். "இவர் யாரு?"

"எங்க அக்கா வீட்டுக்காரருங்க மேடம்" என்றாள் ஜெனி.

"இவருக்குத்தான் இப்ப வேலை குடுத்து வச்சிருக்கீங்களா?"

ஜெனி என்னைப் பார்த்தாள். அந்த வீட்டின் எழுதாத சட்டம் அவளுக்கும் தெரியும். ஒரு வினாடி தயங்கினாள். பிறகு திரையைப் பார்த்து, தெளிவாக, "ஆமாங்க மேடம்" என்றாள்.

திரையில் மூன்று பேரும் சிரித்தார்கள். பாய் சிரித்தார். சர்க்கரை வாங்க வந்த அம்மா, என்ன ஏதென்று தெரியாமலே சிரித்தார். கடை வாசலில் குடையோடு நின்ற மாமனார் மட்டும் சிரிக்காமல், என் முகம் வாடுகிறதா என்று பதற்றத்தோடு பார்த்தார். அதைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்த பிறகுதான் அந்த மனுஷன் சிரித்தார், அதுவும் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு.

ஜெனிக்கு வேலை கிடைத்தது. இப்போது ஒரு வார்டுக்கே பொறுப்பாக இருக்கிறாள். புதிதாகச் சேரும் நர்சுகளுக்குச் சொந்தக்காரர்களைச் சமாளிக்கும் பாடத்தை என் உதாரணத்தோடுதான் நடத்துகிறாளாம். என்னை நேரில் பார்க்காத எத்தனையோ பெண்கள் என்னை அறிவார்கள்.

எங்கள் வீட்டில் அந்தச் சட்டம் அன்றோடு மாறிவிட்டது. மாமனார் இப்போது என்னிடம் தாராளமாக இல்லை என்கிறார். சில சமயம் நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார். மிக்ஸி நின்றுபோய் நான் எழுந்தால் அத்தை தேங்காய் மூடியை நீட்டுகிறார். டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்று நான் கழற்ற உட்கார்ந்தால் ஸ்டெல்லா துவைத்த துணியைக் கை நிறையப் போடுகிறாள். யாரும் கோபப்படுவதில்லை, விளக்குவதும் இல்லை. அந்த ஒரு வரிதான்.

போன வாரம் என் மகளின் பொம்மைக் கார் ஓடாமல் நின்றது. நாலு வயது அவளுக்கு. நான் வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "பாப்பா, இதுல என்ன பிரச்சனைன்னா, பேட்டரிதான்..." என்று ஆரம்பித்தேன். அவள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். தன் கரடி பொம்மையை எடுத்து என் ஒரு கையிலும், பால் டம்ளரை இன்னொரு கையிலும் வைத்தாள்.

"அப்பா, இதக் கொஞ்சம் புடிச்சுக்கோங்க" என்றாள்.

பிடித்துக்கொண்டேன்.